பணத்துக்கு வழி உண்டு, போன நாளுக்கு வழி இல்லை
பிறவிக் குறையுள்ள பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி

கமுந்திங்கில் மூத்தோருக்காக வழங்கப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்



இனிப்புநீர், இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று உங்கள் உடம்பைப் பற்றித்தான் நாங்கள் வழக்கமாகப் பேசுவோம். இன்று உங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். பிறக்கும்போதே உடலில் ஒரு குறையோடு வரும் பிள்ளைகளைப் பற்றியும், வசதி இல்லாத குடும்பத்தில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் என்ன உதவி கிடைக்கும் என்பதைப் பற்றியும் பேசுவோம்.

இதைப் பெற்றோரிடம் அல்லவா சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களிடமும் சொல்கிறோம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? மகனும் மருமகளும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பாட்டியின் மடியில் வளர்கிறது. குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் பாட்டிதான். பிள்ளையின் உதடு நீலம் பாய்வதையும், மலத்தின் நிறம் மாறுவதையும் முதலில் பார்ப்பவர் நீங்கள்தான். "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்பதா, "இன்றைக்கே கிளினிக்குக் கொண்டு போ" என்பதா என்று வீட்டில் முடிவு சொல்பவரும் பெரும்பாலும் நீங்கள்தான்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பணத்துக்கு வழி உண்டு. போன நாளுக்கு வழி இல்லை. ஏன் என்று விளக்குகிறேன்.

யார் மேலும் குற்றம் இல்லை

உலக அளவில் பார்த்தால் பிறக்கும் 100 குழந்தைகளில் சில குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. சிலருக்குச் சிறியது, சிலருக்குப் பெரியது. பணக்கார வீட்டிலும் உண்டு, ஏழை வீட்டிலும் உண்டு. எல்லா இனத்திலும் உண்டு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழைய பேச்சுகள் நினைவிருக்கும். கிரகணத்தின்போது வயிற்றுப் பிள்ளைக்காரி வெளியே வந்தாள், அதனால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்பார்கள். கத்தியை எடுத்துக் காய் நறுக்கினாள் என்பார்கள். முன்வினை என்பார்கள், மருமகள் வந்த நேரம் என்பார்கள். இவற்றில் ஒன்றுகூடக் காரணம் இல்லை. உதடும் அண்ணமும் கருவின் முதல் 3 மாதங்களுக்குள் ஒட்டிச் சேர வேண்டும். ஏதோ ஒரு தடையால் சேராமல் போனால் பிளவு நின்றுவிடுகிறது. தான் கர்ப்பமாக இருப்பதைத் தாய் நன்றாக உணர்வதற்கு முன்பே அந்த வேலை பாதி நடந்து முடிந்திருக்கும்.

மருத்துவம் அறிந்த காரணங்களும் சில உண்டு. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்புநீர், தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ருபெல்லா அம்மை, மது, புகை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை அவற்றில் சில. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிக்கும்போதும் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்லவே முடியாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பழி போடும் வீட்டில் பிள்ளையை மறைக்கிறார்கள். மறைக்கும் வீட்டில் நாள் போகிறது. "என் மேல்தான் தப்பு" என்று அழுதுகொண்டிருக்கும் மருமகளிடம் "உன் மேல் தப்பு இல்லம்மா, வா, கிளினிக்குப் போவோம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை பாதி வைத்தியத்துக்குச் சமம்.

நாள் கணக்கு உள்ள குறைகள்

பிறவிக் குறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் வீட்டுப் பெரியவர் கண்டுபிடிக்கக்கூடியதும், காலத்தோடு போனால் பலன் தரக்கூடியதுமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, இருதயக் குறை. 100 குழந்தைகளில் ஏறக்குறைய 1 குழந்தைக்கு இது இருக்கிறது. இருதயத்தில் ஓட்டை என்று சொல்கிறோமே, அது இதில் ஒரு வகை. சிறிய ஓட்டை பல பிள்ளைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை அப்படி மூடாது. பால் குடிக்கும்போதே பிள்ளை மூச்சு வாங்கி நிறுத்தும். நெற்றியில் வேர்க்கும். எடை ஏறாது. அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வரும். வேறு சில குறைகளில் அழும்போது உதடும் நாக்கும் நகமும் நீலமாகும்.

பெரிய ஓட்டையை அப்படியே விட்டால் நுரையீரலுக்கு அளவுக்கு மீறி இரத்தம் பாயும். நாளடைவில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அந்த நிலை வந்த பிறகு ஓட்டையை அடைக்க முடியாது, அடைத்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தையாக இருந்தபோது ஒரே அறுவை சிகிச்சையில் சரியாகியிருக்க வேண்டியவர், வளர்ந்த பிறகு மூச்சுத் திணறலோடு வாழ வேண்டியதாகிறது. அந்தக் கட்டத்தில் எத்தனை ஆயிரம் ரிங்கிட் திரட்டிக் கொண்டு வந்தாலும் அந்த அறுவை சிகிச்சையைச் செய்ய முடியாது.

இரண்டாவது, உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும். உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் 1 குழந்தைக்கு இது வருகிறது. உதட்டுப் பிளவைப் பார்த்தவுடன் தெரியும். அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால் வெளியே தெரியாது. பால் மூக்கு வழியாக வருகிறதா என்று பாருங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துப் பால் புகட்டாமல், தலையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இதற்கென்றே தனிப் போத்தல் உண்டு. உதட்டை ஏறக்குறைய 3 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள் தைக்கிறார்கள். அண்ணத்தை ஒரு வயதை ஒட்டி மூடுகிறார்கள். பிள்ளை பேசத் தொடங்கும் முன்பு அண்ணம் மூடியிருந்தால்தான் சொற்கள் தெளிவாக வரும். பிறகு காது, பல், பேச்சுப் பயிற்சி என்று பள்ளி வயது வரைக்கும் தொடர்ந்து பார்க்க வேண்டும். உதட்டைத் தைத்ததும் வேலை முடிந்தது என்று நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது, உள்நோக்கி வளைந்த பாதம். ஏறக்குறைய 1,000 குழந்தைகளில் 1 குழந்தைக்கு வருகிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் இதற்கு ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தார். பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டு போடுவார்கள். வாரம் ஒரு முறை கட்டை மாற்றி, 5, 6 வாரங்களில் பாதத்தை நேராக்குவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகால் நரம்பில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். பெரிய அறுவை சிகிச்சை இல்லாமலே பெரும்பாலான பாதங்கள் நேராகிவிடுகின்றன.

இதில் ஒரு சிக்கல், அது பாட்டி தாத்தாவின் கையில் இருக்கிறது. பாதம் நேரான பிறகு, இரண்டு காலணிகளையும் ஒரு கம்பியில் இணைத்த கருவியை மாட்டுவார்கள். முதல் 3 மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும் போட வேண்டும். பிறகு தூங்கும் நேரத்தில் மட்டும், 4 வயது வரை. பிள்ளை முதல் சில நாள் அழும். "பாவம், பச்சைப் பிள்ளை" என்று நாம் கழற்றி வைத்துவிடுவோம். பாதம் மறுபடி வளையும். வளைந்த பாதம் திரும்பி வருவதற்கு முதன்மையான காரணம் இந்தக் கருவியைக் கழற்றி வைப்பதுதான். சில நாள் அழுகையைத் தாங்கிக்கொண்டால் பிள்ளை ஆயுளுக்கும் நேராக நடக்கும்.

நான்காவது, விடாத மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது நமக்குப் பழகிப்போனது. அதனாலேயே இது ஆபத்தானது. சாதாரண மஞ்சள் பெரும்பாலும் 2 வாரத்துக்குள் இறங்கிவிடும். 14 நாளுக்குப் பிறகும் கண் மஞ்சளாக இருந்தால் கிளினிக்கில் இரத்தம் சோதிக்க வேண்டும். மலம் களிமண் போலவோ சுண்ணாம்பு போலவோ வெளுத்து, சிறுநீர் அடர் மஞ்சளாகத் துணியில் கறை பிடித்தால் அன்றைக்கே கொண்டு போக வேண்டும். பித்தக் குழாய் அடைபட்டுப் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். கசாய் என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரால் வழங்கும் ஓர் அறுவை சிகிச்சை இதற்கு உண்டு. பிள்ளைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் பலன் அதிகம். நாள் கடந்தால் கல்லீரல் கெட்டு, கல்லீரலையே மாற்ற வேண்டிய நிலை வரும். வெயிலில் காட்டுவதும் மூலிகை நீரில் குளிப்பாட்டுவதும் இந்த அடைப்பைத் திறக்காது. அந்த 60 நாளில் நாம் இழக்கும் ஒவ்வொரு வாரமும் பெரியது.

ஐந்தாவது, கண்ணும் காதும். கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது கைப்பேசியில் எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தால், கண் மருத்துவர் பார்க்க வேண்டும். பிறவிக் கண்புரையைப் பெரியவர்களின் கண்புரை போலத் தள்ளிப் போட முடியாது. முதல் சில வாரங்களில் வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் மூளை பார்க்கப் பழகாது. அதே போல, தட்டு விழும் சத்தத்துக்கும் பிள்ளை திடுக்கிடவில்லை என்றால் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். 6 மாதத்துக்குள் உதவி தொடங்கினால் பேச்சு வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

உலகம் எப்படி உதவி செய்யக் கற்றுக்கொண்டது

இப்போது பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஏழைப் பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சைகள் எப்படிக் கைக்கு எட்டின என்பதே ஒரு நல்ல கதை.

1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு ஆல்பிரட் பிளேலாக் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். அப்படிச் செய்யலாம் என்று யோசனை சொன்னவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர். அந்த முறையை ஆய்வுக்கூடத்தில் உழைத்து வகுத்தவர் விவியன் தாமஸ். அவர் தச்சு வேலை தெரிந்த கறுப்பின இளைஞர், பணமில்லாமல் கல்லூரிக்குப் போக முடியாமல் போனவர். அறுவை சிகிச்சையின்போது மருத்துவரின் பின்னால் நின்று அவர்தான் வழி சொன்னார். பிற்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் குழந்தை இருதய அறுவை சிகிச்சைக்கு அது ஒரு தொடக்கம்.

சிகிச்சை வந்துவிட்டது, ஆனால் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. 1975-இல் நியூயார்க் பகுதி ரோட்டரி சங்கத்தினர் உகாண்டாவைச் சேர்ந்த ஒரு சிறுமியை வரவழைத்து இருதய அறுவை சிகிச்சை செய்வித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் "கிப்ட் ஆப் லைப்" என்ற உதவித் திட்டம். 1982-இல் வில்லியம் மகீ என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் மனைவி கேத்லீனும் பிலிப்பைன்சுக்கு ஒரு குழுவோடு போனார்கள். உதடு பிளந்த பிள்ளைகள் அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாக வந்து நின்றார்கள். பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மனவேதனையிலிருந்துதான் "ஆபரேஷன் ஸ்மைல்" என்ற அமைப்பு பிறந்தது.

1999-இல் தொடங்கிய "ஸ்மைல் டிரெயின்" வேறு வழியில் போனது. வெளிநாட்டு மருத்துவரை அனுப்புவதைவிட, அந்தந்த நாட்டு மருத்துவருக்கே பயிற்சியும் பணமும் கொடுத்தால் ஆண்டு முழுவதும் வேலை நடக்கும் என்று கண்டது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில் பிங்கி என்ற ஏழைச் சிறுமி இருந்தாள். பிளந்த உதட்டைப் பிற பிள்ளைகள் கேலி செய்ததால் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தாள். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் தேடிய ஒரு சமூகப் பணியாளர் அவள் குடும்பத்தைச் சந்தித்தார். வாரணாசியில் இலவசமாக அறுவை சிகிச்சை நடந்தது. அவளைப் பற்றிய "ஸ்மைல் பிங்கி" என்ற ஆவணப்படம் 2009-இல் ஆஸ்கார் விருது பெற்றது. 2013-இல் விம்பிள்டன் டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் நாணயம் சுண்டியவள் அந்தப் பிங்கிதான்.

அரசாங்கங்களும் இந்தப் பணியில் இறங்கின. தமிழ்நாட்டில் 2008-இல் பள்ளிப் பிள்ளைகளின் இருதய அறுவை சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ஒரு திட்டம் தொடங்கியது. 2013-இல் இந்தியா முழுவதற்கும், பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைத் தேடிச் சென்று சோதிக்கும் திட்டம் வந்தது. இலங்கையில் கொழும்பு லேடி ரிட்ஜ்வே குழந்தைகள் மருத்துவமனைக்கு இருதயச் சிகிச்சைப் பிரிவு கட்ட, "லிட்டில் ஹார்ட்ஸ்" என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள்.

இந்தக் கதைகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? பணம் கொடுத்தவர், அறுவை சிகிச்சை செய்தவர் என்று எல்லோரும் இருந்தார்கள். அவர்களோடு, பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து, "வாருங்கள், பயப்படாதீர்கள்" என்று கூட்டி வர ஒருவர் தேவைப்பட்டார். கமுந்திங்கில் அந்த ஒருவராக நீங்கள் இருக்க முடியும்.

நம் நாட்டில் எங்கே போவது

தோட்டத்து நாளில் டிரெசரிடம் காட்டினோம், முடியாவிட்டால் லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்று வழி அதைவிடச் சுருக்கம்.

முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், மருந்தும் அதில் அடக்கம். பிரசவத்துக்குப் பிறகு தாதி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். அவர் வரும்போது பிள்ளையை முழுவதும் துணி விலக்கிக் காட்டுங்கள். நீங்கள் கவனித்ததை எல்லாம் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

குறை இருப்பதாகச் சந்தேகப்பட்டால் கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்துத் தைப்பிங் மருத்துவமனைக்கு அனுப்புவார். அங்கிருந்து ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று எந்த ஊரில் அதற்குரிய நிபுணர் இருக்கிறாரோ அங்கே அனுப்புவார்கள். ஐ.ஜே.என். என்று நாம் சொல்லும் தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கி வருகிறது. பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு அங்கே உண்டு. வசதியில்லாத நோயாளிகளுக்கு உதவ ஐ.ஜே.என். அறநிறுவனமும் உண்டு. குழந்தை இருதய அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் சீக்கிரமாகப் பெயர் பதியச் சொல்கிறோம். நிலை மோசமான பிள்ளையை முன்னே எடுப்பார்கள். அந்த நிலை டாக்டருக்குத் தெரிய வேண்டுமானால் குறித்த தேதியில் தவறாமல் பிள்ளையைக் காட்ட வேண்டும்.

பணக் கவலை வந்தால் நேராக மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குப் போங்கள். இந்தப் பெயரை மறக்காதீர்கள். மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று அறிவிப்புப் பலகை இருக்கும். அங்குள்ள அதிகாரி குடும்ப வருமானத்தை விசாரித்து, எந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்வார். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, சமூகநல இலாகாவின் உதவித்தொகை, அறநிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் வாசல் அங்கேதான். முஸ்லிம் அன்பர்களுக்கு ஸகாத் நிதியும் உண்டு.

கொண்டு போக வேண்டியவை இவை: பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் மைகிட் அட்டையும், பெற்றோரின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, தண்ணீர் மின்சார பில், டாக்டரின் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நம் சமூகத்துக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. பிறப்பைப் பதியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாத பெற்றோரும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். ஆவணம் இல்லாத பிள்ளைக்கு வெளிநாட்டவர் கட்டணம் விதிக்கப்படலாம், நிதி கிடைப்பதும் சிக்கலாகும். அப்படி ஒரு பிள்ளை உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் பதிவு இலாகாவுக்குப் போக உதவுங்கள். ஆனால் பத்திரம் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அதே வாரத்தில் பதிவு வேலையையும் தொடங்குங்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் துணை தேவை. உதடு, அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வழிகாட்ட மலேசியாவில் ஒரு சங்கம் இருக்கிறது. கிளாபாம் என்று அழைப்பார்கள். பால் புகட்டுவது முதல் பேச்சுப் பயிற்சி வரை, அதே பாதையில் நடந்து வந்த பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீண்ட நாள் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சமூகநல இலாகாவின் பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்கள் உண்டு. நிலையான குறை உள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓ.கே.யு. அட்டை எடுக்கலாம். "அந்த அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியது போலாகும்" என்று சிலர் தயங்குகிறார்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய சலுகையை வாங்கித் தரும் அட்டை அது.

வேண்டுகோள்களும் மோசடிகளும்

பத்திரிகையில் பிள்ளையின் படத்தைப் போட்டு உதவி கேட்பதைப் பார்க்கிறோம். கைப்பேசியிலும் வருகிறது. நம் மக்கள் இளகிய மனம் உள்ளவர்கள், ஓய்வூதியத்திலிருந்தும் 50 ரிங்கிட் அனுப்பிவிடுவார்கள். கொடுப்பது நல்ல குணம். கொடுக்கும் முன் பிள்ளை எந்த மருத்துவமனையில் இருக்கிறது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். தனியார் ஒருவரின் கணக்கு எண் மட்டும் இருந்தால், பணம் அனுப்பும் முன் பேரப்பிள்ளைகளிடம் காட்டி விசாரியுங்கள். பதிவு பெற்ற அறநிறுவனத்துக்கோ மருத்துவமனை சொல்லும் நிதிக்கோ கொடுத்தால் இரசீது கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கே உதவி தேவைப்பட்டால், பத்திரிகைக்குப் போகும் முன் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குப் போங்கள். அரசாங்க மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் செய்யக்கூடியதை அறியாமல், தனியாரிடம் விலை கேட்டு மலைத்து, ஊரெல்லாம் பணம் திரட்டிக்கொண்டிருந்தால் பிள்ளையின் நாட்கள்தான் வீணாகும்.

வருமுன் காக்க

எல்லாக் குறைகளையும் தடுக்க முடியாது. சிலவற்றைத் தடுக்கலாம். திருமணமான பேத்தியிடமும் மருமகளிடமும் இவற்றைச் சொல்லுங்கள்.

பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே போலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும். நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். முதுகுத் தண்டு மூடாமல் பிறக்கும் குறையை இது பெருமளவு தடுக்கிறது. அப்படி ஒரு பிள்ளை முன்பு பிறந்த குடும்பத்துக்கு டாக்டர் கூடுதல் அளவு கொடுப்பார். 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அத்தகைய தாய்மாருக்கு மறுபடி அதே குறை வருவது 72 விழுக்காடு குறைந்தது. கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் பாதி நேரம் போய்விடும்.

இனிப்புநீர் உள்ள பெண் கர்ப்பம் தரிக்கும் முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இந்தியர்களிடையே இனிப்புநீர் அதிகம் என்பதால் இது நமக்கு மிக முக்கியம். எம்.எம்.ஆர். தடுப்பூசி ருபெல்லாவையும் தடுக்கிறது. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மார்கள் பலருக்குக் கர்ப்பத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். பேரப்பிள்ளைகளின் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். இன்றைய பேத்தி நாளைய தாய். பெயர் தெரியாத சூரணமும் லேகியமும் கர்ப்பிணிக்கு வேண்டாம்.

நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

"இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து தாங்குமா?" என்று கேட்கிறீர்கள். குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எடை, இரத்த அளவு, நெஞ்சு எல்லாம் பார்த்த பிறகே தேதி கொடுப்பார்கள். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்யாமல் விடுவதன் ஆபத்தையும் சேர்த்து டாக்டரிடம் கேளுங்கள்.

"வேண்டுதல் இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் போகலாமா?" வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. மருத்துவமனைத் தேதி முதலில், நேர்த்திக்கடன் பிறகு. பிள்ளை தேறி வந்து சாமி கும்பிட்டால் அதுவும் நல்லதுதானே.

"நெஞ்சைப் பிளக்காமல் முடியாதா?" சில ஓட்டைகளையும் மூடாத இரத்தக் குழாயையும் தொடையிலுள்ள நரம்பு வழியாகக் குழாய் செலுத்தி, சிறு கருவியால் அடைக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. டாக்டர் முடிவு செய்வார்.

"ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் யார் அலைவது?" நியாயமான கவலை. பெற்றோருக்கு விடுப்புக் கிடைக்காதபோது பாட்டி தாத்தா கூடப் போகலாம். போக்குவரத்துச் செலவுக்கு உதவி உண்டா என்றும் சமூகப் பணி அதிகாரியிடம் கேளுங்கள்.

பெரியோர்களே, நிறையச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது இவற்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையை மறைக்க வேண்டாம். யாரையும் பழிக்க வேண்டாம். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலும், உதடு நீலமானாலும், 14 நாளுக்கு மேல் மஞ்சள் இருந்தாலும், மலம் வெளுத்தாலும், பால் மூக்கில் வந்தாலும், பாதம் வளைந்திருந்தாலும், கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் உடனே கிளினிக்குப் போங்கள். பணம் இல்லை என்றால் மருத்துவ சமூகப் பணிப் பிரிவைக் கேளுங்கள். கொடுத்த தேதியைத் தவற விடாதீர்கள்.

நீங்கள் வளர்ந்த காலத்தில் இவற்றில் பல சிகிச்சைகள் இல்லை. லயத்தில் பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட தம்பி தங்கைகளை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இன்று சிகிச்சை இருக்கிறது, உதவியும் இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளை நேரத்தோடு அங்கே கொண்டு சேர்ப்போம்.